வேட்டைக்குக் கட்டுபடியாகும் பைனாகுலர்: 8×42-ஆ, 10×42-ஆ, எதை வைத்து முடிவு செய்வது?

கேள்வி | சரிவுக்காடு

மான், காட்டுப்பன்றி வேட்டைக்கு முதல் பைனாகுலர் வாங்க வேண்டும். உரிமம், பருவ அனுமதி எல்லாம் இருக்கிறது. பார்க்க வேண்டிய இடம் இரண்டு விதம். ஒன்று அறுபது எழுபது மீட்டருக்கு மேல் கண் போகாத அடர்காடு. இன்னொன்று 400 முதல் 600 மீட்டர் வரை திறந்து கிடக்கும் புல்சரிவு. பொழுது விடியும் கருக்கலிலும் பொழுது சாய்ந்த பிறகும்தான் அதிகம் தேவைப்படும். நான் மூக்குக்கண்ணாடி போடுகிறவன்.

உச்சத் தரப் பொருளுக்குப் பணம் போதாது. அடிமட்டத்துக்கு ஒன்றிரண்டு படி மேலே இருக்கும் ரகத்தைத்தான் பார்க்கிறேன். அந்த ரகத்தில் 20×50 என்றும் 10-30×50 ஜூம் என்றும் நிறைய வருகிறது. எண் பெரிதாக இருப்பதால் ஆசையாக இருக்கிறது. 8×42, 10×42 என்று சொல்பவர்களும் உண்டு. பெட்டியில் எழுதியிருக்கும் பிஏகே4, ஈடி கண்ணாடி, ஃபுல்லி மல்டி கோட்டட் போன்றவற்றில் எது உண்மையிலேயே வித்தியாசம் காட்டும், எது விளம்பரம்? கடையில் கையில் எடுத்தால் என்னென்ன சோதிக்க வேண்டும்?

பதில் 1 | முன்லென்ஸ்

ஜூமையும் 20×50-ஐயும் இப்போதே ஒதுக்கிவிடுங்கள்.

முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது. இரண்டாவது முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் பைனாகுலரிலிருந்து உங்கள் கண்ணுக்குள் விழும் ஒளிவட்டத்தின் அகலம் வரும். 8×42-க்கு 5.25 மி.மீ., 10×42-க்கு 4.2, 8×32-க்கு 4, 20×50-க்கு வெறும் 2.5. நல்ல வெயிலில் கண்பாவை 2, 3 மி.மீ. அளவுக்குச் சுருங்கியிருக்கும். அதனால் பட்டப்பகலில் எந்தப் பைனாகுலரும் வெளிச்சமாகவே தெரியும், கடை வாசலில் எல்லாமே ஒன்று போலத் தோன்றும். கருக்கலில் கண்பாவை 5, 6 மி.மீ. வரை விரியும் (வயது ஏற ஏற இந்த விரிவு குறையும்). அந்த நேரத்தில் 2.5 மி.மீ. ஒளிவட்டத்தை வைத்துக்கொண்டு புதருக்கு அடியில் நிற்கும் பன்றியைத் தேட முடியாது. மரமும் நிழலும் சேர்ந்து ஒரே இருட்டாகத் தெரியும்.

பெட்டியில் சில சமயம் 'அந்தி எண்' என்று ஒன்று போட்டிருப்பார்கள். இரண்டு எண்ணையும் பெருக்கி வர்க்கமூலம் எடுப்பது அது. 8×42-க்கு 18.3 வரும். 20×25 என்ற சட்டைப்பைப் பைனாகுலருக்கு 22.4 வரும். அதன் ஒளிவட்டமோ 1.25 மி.மீ., அந்தியில் எதற்கும் ஆகாது. கண்ணாடியின் தரம், கோட்டிங், ஒளிவட்டம் எதுவும் இந்தக் கணக்குக்குள் வருவதில்லை. ஆகையால் அதை நம்பி வாங்காதீர்கள்.

ஜூமில் சிக்கல் வேறு. இரண்டு குழாயிலும் லென்ஸ்கள் நகர்ந்துகொண்டே ஒரே மடங்கிலும் ஒரே நேர்கோட்டிலும் நிற்க வேண்டும். மலிவான பொறியமைப்பில் அது நிலைக்காது; ஒரு கண்ணுக்கு 18 மடங்கு, மறுகண்ணுக்கு 19 என்று ஆகி, பத்து நிமிடத்தில் தலை வலிக்கும். போதாததற்கு, குறைந்த மடங்கில் வைத்தாலும் பார்வைப் பரப்பு குழாய்க்குள் எட்டிப் பார்ப்பது போலக் குறுகலாகவே இருக்கும்.

இனி நீங்கள் கேட்ட சொற்கள். இந்த விலை ரகத்தில் உண்மையான வித்தியாசம் கோட்டிங்கில்தான், அதாவது லென்ஸ் மேல் பூசும் மெல்லிய படலத்தில். கோட்டிங் இல்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் சுமார் 4 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிடும். ஒரு குழாய்க்குள் காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் பரப்புகள் பன்னிரண்டு என்று வைத்துக்கொண்டால் கடைசியில் கண்ணுக்கு வருவது 61 சதவீதம்தான். எல்லாப் பரப்பிலும் பல அடுக்குக் கோட்டிங் போட்டு, பரப்புக்கு அரை சதவீத இழப்பு என்றால் 94 சதவீதம் வரும். தொலைந்த வெளிச்சமும் சும்மா போவதில்லை. உள்ளுக்குள்ளேயே அலைந்து காட்சி முழுவதும் வெள்ளைப் புகை படிந்தது போல் ஆக்கிவிடும். சூரியன் இருக்கும் திசையில் நிழலுக்குள் பார்க்கும்போது இது பெரிய தொல்லை.

இங்கே வார்த்தை விளையாட்டு உண்டு. 'கோட்டட்' என்றால் ஏதோ ஒரு பரப்பில் ஒரே ஒரு அடுக்கு. 'ஃபுல்லி கோட்டட்' என்றால் எல்லாப் பரப்பிலும் ஒரே அடுக்கு. 'மல்டி கோட்டட்' என்றால் சில பரப்பில் மட்டும் பல அடுக்கு. நமக்கு வேண்டியது 'ஃபுல்லி மல்டி கோட்டட்', அதாவது எல்லாப் பரப்பிலும் பல அடுக்கு. மூன்று வார்த்தையும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். முன் லென்ஸ் மாணிக்கச் சிவப்பாக மின்னினால் கீழே வைத்துவிடலாம். சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிட்டு நீலப்பச்சைச் சாயத்தோடு காட்சி தரும் வகை அது. செம்பழுப்பு மானைத் தேடுகிறவருக்குச் சிவப்பை இழப்பது நேரடி நட்டம்.

அடுத்தது பிரிசம், அதாவது தலைகீழாக விழும் காட்சியை உள்ளே நிமிர்த்தித் தரும் கண்ணாடிக் கட்டி. நேர்க்குழாய் வடிவில் வரும் ரூஃப் பிரிசம் வகைகளில் பெரும்பாலானவற்றில் ஒரு பரப்புக்கு ஒளியைத் திருப்பும் முலாம் தேவை. அலுமினியம் என்றால் 90 சதவீதத்தை ஒட்டிய எதிரொளிப்பு, வெள்ளி என்றால் 95-க்கு மேல், டைஎலெக்ட்ரிக் (உலோகமில்லாத பல அடுக்கு முலாம்) என்றால் 99-க்கு மேல். அதோடு, ரூஃப் பிரிசம் ஒளியை இரண்டாகப் பிரித்துத் திரும்பச் சேர்க்கிறது. சேரும்போது அலைகள் ஒன்றுக்கொன்று தப்பி விழுந்தால் கூர்மை மங்கும். அதைச் சரிசெய்வதுதான் ஃபேஸ் கோட்டிங். ஸைஸ் நிறுவனம் 1988-ல் கொண்டுவந்தது, இன்று நடுத்தர விலைக்கே வந்துவிட்டது. விலையைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் கை வைப்பதும் இந்த இரண்டிலும்தான், ஏனென்றால் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஃபேஸ் கோட்டிங் இருந்தால் பெட்டியிலோ விவரப் பட்டியலிலோ பெருமையாகப் போட்டிருப்பார்கள். எங்கும் சொல்லவில்லை என்றால் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

பிஏகே4 என்பது பிரிசம் செய்யும் கண்ணாடி வகை. நல்லது, ஆனால் அது மட்டும் போதாது. ஈடி கண்ணாடி வான விளிம்பில் நிற்கும் கொம்பைச் சுற்றித் தெரியும் ஊதா, பச்சைக் கோட்டைக் குறைக்கும். இருந்தால் சந்தோஷம், ஆனால் ஃபேஸ் கோட்டிங்கை விட்டுக்கொடுத்து ஈடி வாங்க வேண்டாம். இரண்டு மீட்டரில் ஃபோகஸ் ஆகும் என்பது பட்டாம்பூச்சி பார்ப்பவருக்கு, உங்களுக்குத் தேவையில்லை.

என் முடிவு: 8×42, ரூஃப், ஃபுல்லி மல்டி கோட்டட், ஃபேஸ் கோட்டிங், வெள்ளி அல்லது டைஎலெக்ட்ரிக் முலாம், நைட்ரஜன் அடைத்து நீர்புகாதது.

பதில் 2 | எதிர்ச்சரிவு

முன்லென்ஸ் சொன்ன கோட்டிங் கணக்கு அத்தனையும் சரி. 8 மடங்கு என்ற முடிவில் மட்டும் மாறுபடுகிறேன். அவர் காட்டை மனதில் வைத்துச் சொல்கிறார். இவருக்குப் புல்சரிவும் இருக்கிறது.

600 மீட்டரில் நிற்கும் மான் 8 மடங்கில் 75 மீட்டரிலும், 10 மடங்கில் 60 மீட்டரிலும் நிற்பது போலத் தெரியும். கேட்பதற்குச் சின்ன வித்தியாசம். ஆனால் கொம்பின் கிளையை எண்ண வேண்டும், ஆணா பெட்டையா என்று உறுதி செய்ய வேண்டும் என்றால் அந்தப் பதினைந்து மீட்டர் உதவும். ஒரு நிபந்தனை: முக்காலி வேண்டும். கையில் பிடித்தால் நடுக்கமும் 10 மடங்காகும், கிடைத்த கூடுதல் விவரம் அந்த ஆட்டத்திலேயே போய்விடும். சாதாரண முக்காலியில் வைத்த 10×42, கையில் பிடித்த அதைவிட உயர்ந்த ரகப் பைனாகுலரை எளிதாக வெல்லும். ஆகவே பணத்தைப் பிரியுங்கள். பைனாகுலரில் ஒரு படி இறங்கி, மிச்சத்தில் எடை குறைந்த முக்காலியும் எல் வடிவ அடாப்டரும் வாங்குங்கள். நடுக் கீலின் முன்பக்கத்தில் ஒரு மூடியும், அதைக் கழற்றினால் கால் அங்குலத் திருகுத் துளையும் இருக்கும். மலிவு ரகங்கள் சிலவற்றில் துளையே இருக்காது, வாங்கும் முன் பாருங்கள்.

அடர்காட்டில் கணக்கு தலைகீழ். 1000 மீட்டரில் 135 மீட்டர் அகலம் காட்டும் 8×42, அறுபது மீட்டரில் சுமார் 8 மீட்டர் அகலம் காட்டும். 110 மீட்டர் காட்டும் 10×42 ஆறரை மீட்டர்தான். இலைகளுக்கு நடுவே ஓடும் விலங்கைப் பிடிக்க அந்த ஒன்றரை மீட்டர் வேண்டும். அதனால் எந்த இடத்தில் அதிக நேரம் உட்காரப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். காடும் சரிவும் சரிபாதி, முக்காலி தூக்க மாட்டேன் என்றால் 8-தான்.

'8 மடங்கு என்றாலே பரப்பு அகலம்' என்றும் நினைக்க வேண்டாம். வோர்டெக்ஸ் டயமண்ட்பேக் எச்டி 8×42, 1000 மீட்டரில் 131 மீட்டர் காட்டும். நிக்கான் மோனார்க் எம்5 8×42 காட்டுவது 6.4 டிகிரி, சுமார் 112 மீட்டர். ஆனால் அதன் ஐ ரிலீஃப் (முழுக் காட்சியும் தெரியக் கண் லென்ஸிலிருந்து தள்ளி இருக்கக்கூடிய தூரம்) 19.5 மி.மீ., மூக்குக்கண்ணாடிக்காரருக்குத் தாராளம். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்றைக் குறைக்க வேண்டிவரும், அதுதான் கண் பக்க லென்ஸ் வடிவமைப்பின் இயல்பு. இந்த இரண்டிலும் ஃபேஸ் கோட்டிங்கும் டைஎலெக்ட்ரிக் முலாமும் உண்டு.

இன்னொரு வழியை யாரும் சொல்லவில்லை: போரோ பிரிசம். முன் லென்ஸ்கள் அகன்று, குழாய் வளைந்து வரும் பழைய தோற்றம். அதில் ஒளி கண்ணாடிக்குள்ளேயே முழு அகப் பிரதிபலிப்பில் திரும்பிவிடுவதால் முலாமும் வேண்டாம், ஃபேஸ் கோட்டிங்கும் வேண்டாம். அதே பணத்துக்கு ரூஃப் வகையைவிடத் தெளிவு கூடுதல், ஆழம் பிரிந்து தெரிவதும் கூடுதல். புதருக்கு முன்னால் எது, பின்னால் எது என்று சட்டெனப் புரியும். குறை என்னவென்றால் பருமன், எடை. நிக்கான் ஆக்ஷன் இஎக்ஸ் 8×40 நீர்புகாதது, 8.2 டிகிரிப் பரப்பு, ஆனால் 855 கிராம். மலிவான போரோக்கள் பலவற்றில் நீர்த்தடுப்பு கிடையாது. நிக்கான் ஆக்குலான் ஏ211 காட்சியில் நன்றாக இருந்தாலும் மழைக்கு ஆகாது. மழையில்லாப் பருவத்தில், நிலையாக ஓரிடத்தில் உட்கார்ந்து பார்ப்பவருக்குப் போரோவை மறுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

பதில் 3 | ஒளிவட்டம்

கடையில் சோதிப்பது பற்றி. ஒரு சின்ன மில்லிமீட்டர் அளவுகோல், ஒரு கைவிளக்கு, ஒரு வெள்ளைத் தாள் கொண்டுபோங்கள்.

பைனாகுலரைக் கண்ணிலிருந்து ஒரு முழம் தள்ளி, வெளிச்சமான வானத்தைப் பார்த்தபடி பிடித்துக் கண் பக்க லென்ஸைப் பாருங்கள். சின்ன வெள்ளை வட்டம் தெரியும். அதுதான் மேலே சொன்ன ஒளிவட்டம். அது முழு வட்டமாக, விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டும். ஓரங்கள் சாம்பல் நிறமாகச் சீவப்பட்டு, வட்டம் சதுரம் போலத் தெரிந்தால் உள்ளே இருப்பது பிகே7 அல்லது கே9 என்னும் மலிவு வகைக் கண்ணாடி, பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் சரி. வட்டத்துக்கு வெளியே கறுப்பாக இருக்க வேண்டும். அங்கே பிறைபிறையாக வெளிச்சம் தெரிந்தால் உள்சுவருக்குச் சரியாகக் கறுப்பு பூசவில்லை, எதிர்வெயிலில் காட்சி வெளுத்துவிடும்.

அந்த வட்டத்தை அளந்தால் பெட்டியில் போட்ட பொய்யும் தெரியும். 20×50 என்று எழுதிய ஒன்றில் வட்டம் 6 மி.மீ. இருந்தால் 50-ஐ 6-ஆல் வகுத்துப் பாருங்கள். அது ஏறக்குறைய 8 மடங்குதான். 30×60, 60×60 என்று வருபவை பெரும்பாலும் இந்தக் கதைதான்.

இன்னொரு ஏமாற்று நுட்பமானது. முன் லென்ஸ் 42 அல்லது 50 மி.மீ. இருக்கும். ஆனால் விளிம்பின் மோசமான காட்சியை மறைக்க உள்ளே ஒரு வளையத்தை வைத்து ஒளியைத் தடுத்திருப்பார்கள். ஃபோகஸை வெகுதூரத்துக்கு வையுங்கள். கண் பக்க லென்ஸிலிருந்து ஒரு முழம் பின்னால் கைவிளக்கைப் பிடித்து உள்ளே அடியுங்கள். முன் லென்ஸுக்கு ஒட்டினாற்போல் தாளைப் பிடித்து, அதில் விழும் வட்டத்தை அளந்து பாருங்கள். 42 என்று எழுதியிருந்தால் 41, 42 வர வேண்டும். 35, 36 வந்தால் நீங்கள் 42-இன் எடையைச் சுமந்து 36-இன் வெளிச்சத்தைப் பெறுகிறீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது இரு குழாய்களின் நேர்கோடு. கூரை முகடு, மின்கம்பி, சன்னல் மேல்விளிம்பு என்று தூரத்தில் கிடைமட்டமான ஒரு கோட்டைப் பாருங்கள். பார்த்தபடியே பைனாகுலரை மெல்லக் கண்ணிலிருந்து பத்துப் பதினைந்து செ.மீ. பின்னுக்குத் தள்ளுங்கள். இரண்டு சின்ன வட்டங்களிலும் கோடு ஒரே உயரத்தில் தொடர வேண்டும். ஒன்றில் மேலே, ஒன்றில் கீழே என்று படி விழுந்தால் அந்தப் பொருள் வேண்டாம். பக்கவாட்டில் சிறிது விலகினால் கண் தானே சரிசெய்துகொள்ளும். மேல்கீழ் விலகலைச் சரிசெய்யக் கண்ணுக்கு அவ்வளவாக முடியாது. கடையில் இரண்டு நிமிடம் பார்த்தால் தெரியாது, மூளை எப்படியோ சேர்த்துக் காட்டிவிடும். அரைமணி உட்கார்ந்து பார்த்தால் கண் பின்னால் இழுப்பது போல வலி வரும். ஒரே மாடலில் மூன்று நான்கு எடுத்துச் சோதித்து நல்லதைப் பொறுக்குங்கள். மலிவு ரகத்தில் ஒன்றுக்கொன்று வேறுபாடு அதிகம்; மாடலைத் தேர்ந்தெடுப்பது பாதி வேலைதான்.

ஃபோகஸ் சக்கரத்தை ஒரு பக்கம் திருப்பிவிட்டு உடனே மறுபக்கம் திருப்புங்கள். ஆரம்பத்தில் வெறுமனே சுற்றினால் பல்லில் தளர்ச்சி இருக்கிறது என்று பொருள். போரோவாக இருந்தால் கண் பக்கப் பாலத்தை ஒரு விரலால் ஒருபுறம் அழுத்துங்கள். அது சாய்ந்து ஒரு கண் மங்கினால், முகத்தில் வைக்கும்போதெல்லாம் மங்கும். நடுக் கீல் கொஞ்சம் இறுக்கமாகவே இருக்கட்டும். தொங்கவிட்டால் தானே மடங்கும் கீல், ஒவ்வொரு முறை தூக்கும்போதும் உங்கள் கண் அகலத்தைத் தொலைத்துவிடும். 'ஃபோகஸே தேவையில்லை' என்று விற்கும் வகையில் சக்கரமே கிடையாது. அறுபது மீட்டர் காட்டுக்கும் அறுநூறு மீட்டர் சரிவுக்கும் அது பொருந்தாது.

முடிந்தால் கடையிலிருந்து மாலை மங்கும் நேரத்தில் நிழலான ஒரு மூலையைப் பாருங்கள். அங்கே செங்கல் இடுக்கு, இலை நரம்பு தெரிகிறதா என்று இரண்டு மாடல்களை மாற்றி மாற்றி ஒப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் முடிவு தெரிந்துவிடும்.

கேட்டவர் | சரிவுக்காடு

மிக்க நன்றி. முக்காலி தூக்குவது கடினம் என்பதால் 8×42 பக்கம் சாய்கிறேன். இரண்டு சந்தேகம். ஐ ரிலீஃப் 15 மி.மீ. என்று போட்டிருந்தால் மூக்குக்கண்ணாடியோடு போதுமா? துப்பாக்கியில் 3-9×40 ஸ்கோப் இருக்கிறது. 'அதுலயே பாத்துக்கலாமே, பைனாகுலர் எதுக்கு' என்று கூட வருபவர் சொல்கிறார். ஒளிவட்டக் கணக்கில் பார்த்தால் அதுவும் நன்றாகத்தானே வருகிறது?

பதில் 4 | காற்றெதிர்

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அது உயிர் சம்பந்தப்பட்டது. ஸ்கோப்பில் பார்ப்பது என்றால் குழல் வாயை அந்தத் திசைக்கு நீட்டுவது. புதருக்குள் அசைவது என்ன என்று தெரியாதபோதுதான் நாம் பார்க்கிறோம். அது விறகு பொறுக்கும் ஆளாக இருக்கலாம், இன்னொரு வேட்டைக்காரராக இருக்கலாம். இன்னதென்று உறுதியாகும் வரை துப்பாக்கி அந்தப் பக்கம் திரும்பவே கூடாது. கண்டுபிடிப்பதும் உறுதி செய்வதும் பைனாகுலரின் வேலை. அதற்குப் பிறகு மட்டுமே ஸ்கோப். கூட வருபவரிடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

மூக்குக்கண்ணாடிக்கு 15 மி.மீ. எல்லைக்கோடு. விவரப் பட்டியலில் போடும் அளவு லென்ஸ் பரப்பிலிருந்து எடுத்தது. லென்ஸ் ரப்பர் விளிம்புக்குள் இரண்டு மூன்று மி.மீ. உள்ளடங்கி இருக்கும், அதைக் கழித்தால் கையில் நிற்பது 12, 13-தான். 17, 18 உள்ளதாகத் தேடுங்கள். கண்குவளையை முழுக்க உள்ளே திருகி, கண்ணாடியோடு வைத்துப் பாருங்கள். காட்சி வட்டத்தின் கறுப்பு விளிம்பு சுற்றிலும் கூர்மையாகத் தெரிந்தால் போதும். விளிம்பைத் தேடித் தலையை அசைக்க வேண்டியிருந்தால் போதாது.

வாங்கியதும் செய்ய வேண்டியது: நடுக் கீலை மடக்கி விரித்து இரண்டு வட்டமும் ஒரே வட்டமாகும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு வலது முன் லென்ஸைக் கையால் மூடி, ஐம்பது மீட்டருக்கு அப்பால் எழுத்துள்ள பலகையையோ மரப்பட்டையையோ நடுச் சக்கரத்தால் இடது கண்ணுக்குக் கூர்மையாக்குங்கள். இப்போது இடதை மூடி, நடுச் சக்கரத்தைத் தொடாமல், வலது கண் பக்கத்து டயாப்டர் வளையத்தைத் திருகி அதே இடத்தை வலது கண்ணுக்குக் கூர்மையாக்குங்கள். கண்ணை இறுக மூடுவதைவிட லென்ஸை மூடுவது நல்லது, ஒரு கண்ணை மூடினால் மறுகண்ணும் சுருங்கும். வளையம் நின்ற இடத்தில் மெல்லிய பெயிண்ட் புள்ளி வைத்துவிடுங்கள். பூட்டில்லாத வளையம் பையில் உரசித் திரும்பிவிடும். 'நேற்று நன்றாகத் தெரிந்தது, இன்று மங்குகிறது' என்ற புகாரில் பெரும்பாதி இதுதான்.

முக்காலி இல்லாவிட்டாலும் நடுக்கத்தைப் பாதியாக்கலாம். உட்கார்ந்து, முழங்காலை மடக்கி, முழங்கையை முழங்காலின் உட்புறத்தில் ஊன்றுங்கள். எலும்பு மேல் எலும்பை வைத்தால் வழுக்கும், சதை மேல் வையுங்கள். முதுகுக்கு மரம் கிடைத்தால் இன்னும் நல்லது. தொப்பி போட்டிருந்தால் பெருவிரலும் உள்ளங்கையும் பைனாகுலரைத் தாங்க, மற்ற விரல்களால் தொப்பியின் முன்விளிம்பையும் சேர்த்துப் பிடியுங்கள். தலையும் கையும் ஒன்றாகிவிடும். ஊன்றுகோல் இருந்தால் அதன் நுனியில் இடது கையை வைத்து மேலே பைனாகுலர்.

பார்க்கும் முறைக்கு வருவோம். சரிவைப் பைனாகுலரால் வருடிக்கொண்டே போகக் கூடாது. ஓடும் காட்சியில் நிற்கும் விலங்கு தெரியாது. ஓரிடத்தில் நிறுத்தி, பைனாகுலர் அசையாமல் கண்ணை மட்டும் மூலைக்கு மூலை ஓட்டுங்கள். ஐந்து முதல் பத்து நொடி. பிறகு பழைய காட்சியின் மூன்றிலொரு பங்கு உள்ளே இருக்குமாறு பக்கத்துக்கு நகருங்கள். முழு மானைத் தேடினால் கிடைக்காது. செங்குத்தான மரங்களுக்கு நடுவே கிடைமட்டமாக ஒரு கோடு இருந்தால் அது முதுகாக இருக்கலாம். காது திரும்புவது, மூக்கின் ஈரம் மின்னுவது, பின்னங்கால் மூட்டின் வளைவு, இப்படித் துண்டு துண்டாகத்தான் முதலில் அகப்படும். தூரத்துக்குப் போகும் முன் பக்கத்தில் இருக்கும் புதரைப் பார்த்து முடியுங்கள். நாற்பது மீட்டரில் படுத்திருப்பதைக் கவனிக்காமல் எழுந்து நின்றால் அது கிளப்பும் சத்தத்தில் மொத்தச் சரிவும் காலியாகும்.

சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி இடம் பிடியுங்கள். காற்றின் திசை விட்டால்தான். இரண்டும் ஒத்துவராதபோது காற்றுக்குத்தான் முன்னுரிமை. வெயில் ஏறியபின் புல்சரிவில் கானல் அலையும். அந்த அலையும் மடங்கு கூடினால் கூடும். 10, 12 மடங்கு வைத்திருப்பவர்கள் 'லென்ஸ் மங்கல்' என்று நினைப்பது பல சமயம் இந்தக் கானல்தான். வேட்டைக்காரர் கவனிக்க வேண்டிய சில சின்ன விஷயமும் உண்டு: தொங்கும் முன்மூடிகள் ஒன்றோடொன்று தட்டும், வெல்க்ரோ கிழிபடும் சத்தம் அமைதியான காட்டில் வெகுதூரம் கேட்கும், பளபளக்கும் உலோக வளையம் வெயிலில் மின்னும். கழுத்து வாருக்குப் பதில் இரு தோளிலும் மாட்டும் மார்புப் பட்டை வாங்குங்கள். எழுநூறு கிராம் நாள் முழுக்கக் கழுத்தில் தொங்கினால் பைனாகுலரைத் தூக்கிப் பார்க்கவே கை வராது. குனியும்போது துப்பாக்கியில் மோதுவதும் நின்றுவிடும்.

பதில் 5 | உலர்பெட்டி

நீர்புகாமை பற்றி ஒரு சேர்க்கை. 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்றால் தூறலைத் தாங்கும், அவ்வளவுதான். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி தாங்கும். ரப்பர் வளையங்களால் அடைத்து, உள்ளே நைட்ரஜனோ ஆர்கானோ நிரப்பியிருந்தால் உள்பக்கம் பனி பூக்காது. வெளிப்பக்கம் பூக்கத்தான் செய்யும். குளிரூட்டிய வண்டியிலிருந்து ஈரக்காற்றுக்குள் எடுத்ததும் லென்ஸ் வெளுக்கும். குளிரில் ஆறிப்போன லென்ஸைக் கண்ணில் ஒட்டி வைத்தால், கண்ணின் ஈரமும் மூச்சும் சேர்ந்து கண் பக்கம் மூடிவிடும். கிளம்புவதற்கு முன்பே வெளிக்காற்றின் வெப்பத்துக்கு அதை வரவிடுங்கள்.

ஈரப்பதம் அதிகமான இடத்தில் பைனாகுலரைக் கொல்வது பூஞ்சணம். லென்ஸில் மெல்லிய சிலந்தி வலை போலக் கிளைவிடும். விட்டுவிட்டால் கோட்டிங்கையே அரித்துவிடும், பிறகு துடைத்தாலும் தடம் போகாது. கூட வரும் துணி, தோல் உறையில் போட்டு அலமாரியில் பூட்டுவதுதான் பெரிய தவறு, உறை ஈரத்தைப் பிடித்து வைக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் நிறம் மாறும் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் பயன்படுத்தலாம். மழையில் நனைந்து வந்தால் நேரே டப்பாவுக்குள் வைக்காமல் முதலில் வெளியே ஓர் இரவு காயட்டும்.

துடைப்பதற்கு முன் ஊதுங்கள். ரப்பர் ஊதுகுழலால் மணலைப் போக்கி, மென்தூரிகையால் தட்டி, அதன் பிறகே லென்ஸ் துணி. சட்டை முனையால் தேய்த்தால் மணல் துகள் கோட்டிங்கைக் கீறும். அந்தக் கீறல் வழியாகத்தான் எதிர்வெயிலில் காட்சி வெளுக்க ஆரம்பிக்கும்.

பழையது வாங்கும் யோசனை இருந்தால் மோசமில்லை, அதே பணத்துக்கு ஒரு படி மேலான கண்ணாடி கிடைக்கும். பதில் 3-ல் ஒளிவட்டம் சொன்ன சோதனைகளோடு, முன் லென்ஸ் வழியாகக் கைவிளக்கைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். பால் போன்ற படலம், வலை, பிரிசத்தின் ஓரத்தில் சில்லு தெரிகிறதா என்று கவனியுங்கள். தூசி இரண்டு மூன்று இருந்தால் காட்சியில் தெரியாது, விட்டுவிடலாம். உடலில் அடிபட்ட பள்ளம் இருந்தால் கோடு சோதனையை இருமுறை செய்யுங்கள். கீழே விழுந்ததில் ஒரு பிரிசம் நகர்ந்திருந்தால், மலிவு ரகத்தைச் சரிசெய்யும் கூலி புதிதின் விலையைத் தொட்டுவிடும். அதனால்தான் புதிதாக வாங்கும்போதும் உத்தரவாதத்தைப் பார்க்கச் சொல்கிறேன். ரசீது கேட்காமல் ஆயுள் முழுக்க மாற்றித் தரும் நிறுவனங்களும் உண்டு, ஓராண்டோடு முடிப்பவையும் உண்டு. உங்கள் இடத்தில் அந்த உத்தரவாதம் செல்லுமா, பழுதானால் எங்கே அனுப்ப வேண்டும், அனுப்பும் செலவு யாருடையது என்று மூன்றையும் வாங்கும் முன்பே கேளுங்கள்.